மதில்மேல் ஓணான்: வடசென்னைத் தோட்டங்களில் ஓணான், அரணை, பல்லி பார்க்கவும் படமெடுக்கவும்

வடசென்னையில் காட்டுயிர் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் அவர்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ நாலு வீட்டுக்கு நடுவே ஒரு முருங்கை மரம் நின்றாலே அதில் ஓர் ஓணானைத் தேடிப் பார்க்கலாம். பூந்தொட்டி வரிசைக்குப் பின்னால் அரணை ஓடும். மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டிருக்கும். இதற்காகக் கேமரா வாங்க வேண்டாம், வண்டி பிடித்துக் காட்டுக்குப் போகவும் வேண்டாம். கையில் இருக்கும் ஃபோன், காலையில் ஒரு மணி நேரம், அசையாமல் உட்காரும் பொறுமை, இவை இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். பத்து இடம் அலைந்து பத்து ஓணானைப் படமெடுப்பதைவிட ஒரே ஓணானைப் பல நாள் பாருங்கள். நல்ல படம் அங்கிருந்துதான் வரும்.

முதலில் யார் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்தில் கண்ணில் படுவதை ஓணான், அரணை, பல்லி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓணான் பகலில் உயரமான இடத்தில், ஊரே பார்க்கும்படி உட்காரும். மதில் உச்சி, வேப்பமரத் தண்டு, துணி காயப்போடும் கம்பம், வேலி முள். உடம்பு சொரசொரப்பாக இருக்கும். பிடரியிலிருந்து முதுகோடு முள்வரிசை ஓடும். வால் மட்டும் உடம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். கோடை வந்ததும் ஆணின் தலையும் தொண்டையும் தோளும் சிவக்கும், தொண்டையின் பக்கங்களில் கறுப்புத் திட்டு தெரியும். தூரத்திலிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுவதால்தான் அது சிவக்கிறது என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அது இணைசேரும் காலத்து நிறம். இன்னோர் ஆணை விரட்டவும் பெண்ணின் கவனத்தை இழுக்கவும் அதைக் காட்டுகிறது. வெயில் ஏறாத காலையில் அதே ஓணான் கருத்த பழுப்பில் இருக்கும், உடம்பு சூடானதும் வெளிறும், வேறொன்றிடம் தோற்றுப் பின்வாங்கினால் சிவப்பு மங்கும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து 'இது வேற ஓணான்' என்று முடிவுகட்டாதீர்கள்.

நிறம் மாறுகிறதே என்று பலர் இதையே பச்சோந்தி என்கிறார்கள். பச்சோந்தி வேறு உயிரினம். அதன் கண்கள் புடைத்திருக்கும், ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றது பின்னே பார்க்கும். விரல்கள் இரண்டு கொத்தாகச் சேர்ந்திருக்கும். வால் நுனி சுருளும், நடை மிக மெதுவு. மதிலில் தலையை ஆட்டிவிட்டு ஒரே பாய்ச்சலில் மரத்துக்குத் தாவினால் அது ஓணான்தான்.

அரணைக்குத் தரைதான் உலகம். வழவழப்பான வெண்கல நிற முதுகும், கண்ணிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெளிர் கோடும் இருக்கும். பெரும்பாலும் முதலில் சருகின் ஓசைதான் கேட்கும், பிறகுதான் ஆள் தெரியும். 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லியே எத்தனையோ அரணைகளை அடித்துக் கொன்றிருக்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. இன்னொரு வகை உண்டு, மெல்லிய உடம்பும் மிகச் சிறிய கால்களும் கொண்ட புள்ளி அரணை. அதன் குஞ்சுக்கு வால் சிவப்பாக இருக்கும். பாம்புக்குட்டி என்று நினைத்து விளக்குமாறோடு ஓடி வருவார்கள். அதன் நாலு குட்டிக் கால்களை அவர்களுக்குக் காட்டினால் ஓர் உயிர் பிழைக்கும். படம் எடுக்கப் பழகியவர் அந்தத் தெருவுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

பல்லியை எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம், ஆனால் ஒரு வீட்டிலேயே இரண்டு மூன்று வகை இருக்கும். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சத்தம் போடும் வீட்டுப் பல்லியின் வாலில் சின்னச் சின்ன முட்கள் வளையமாக இருக்கும். உடம்பெல்லாம் கரும்புள்ளியும் சிறு கொப்புளங்களுமாக இருப்பது புள்ளிப் பல்லி. வேம்பு, பூவரசு, வாதா மரத் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு, மரப்பட்டை நிறத்திலேயே வளைந்த பட்டைகளோடு பெரிதாக இருப்பது மரப்பல்லி. இருட்டியபின் டார்ச்சோடு மரத்தண்டைப் பார்த்தால்தான் இதை ஒழுங்காகப் பார்க்க முடியும்.

எண்ணூருக்கு வடக்கே மணலும் புல்லுமாகத் திறந்து கிடக்கும் வெளிகளுக்குப் போகிறவர்கள் விசிறித்தொண்டை ஓணானையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறியது, தரையில் ஓடுவது, பின்னங்காலில் நாலே விரல். ஆண் தொண்டைக்குக் கீழுள்ள விசிறியை விரித்து விரித்து மூடும். இந்தக் கூட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து 2016-ல் விவரிக்கப்பட்ட இரண்டு வகைகளுக்கு அறிவியல் பெயரே சிட்டானா விசிரி, சிட்டானா மருதம்நெய்தல்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலேயே தோட்டம் இருந்தால் அதுதான் சிறந்த இடம். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்கும் பெரம்பூர், அயனாவரம் பக்கத்துத் தெருக்களில் பெரிய மரங்களும் உடைந்த மதில்களும் நிறைய. மாதவரம் பால்பண்ணை வட்டாரத்தில் புதரும் வேலியும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ராயபுரத்தில் 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா போன்ற இடங்களில் காலை நடைக்கு வருகிறவர்கள் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே போதும். கோயில் நந்தவனம், பள்ளிக்கூட வேலி, கல்லறைத் தோட்டம் எல்லாமே நல்ல இடங்கள். அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தில் மூன்று விஷயம் பாருங்கள். காலை வெயில் நேராக விழும் ஒரு மேடை வேண்டும்: மதிலோ, செங்கல் அடுக்கோ, பட்டுப்போன கிளையோ. அதற்கு எட்டும் தூரத்தில் ஒளிய ஒரு புதர் வேண்டும். இட்லிப்பூ, செம்பருத்தி, மருதாணி, நித்தியமல்லிக் கொடி எதுவானாலும் சரி. மூன்றாவதாக, மருந்து அடிக்காத மண். பூச்சி இருந்தால்தான் ஓணான் இருக்கும். தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை மருந்து தெளித்துப் பளிச்சென்று வைத்திருக்கும் புல்தரையில் ஒன்றும் கிடைக்காது. ஓரத்தில் சருகு குவிந்து கிடக்கும் மூலைக்குப் போங்கள்.

துறைமுகம், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, ரயில் தண்டவாளம், மின்நிலையங்கள் பக்கம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஓணானைத்தான் எடுக்கிறேன் என்று காவலரிடம் விளக்கிக்கொண்டு நிற்பதற்குள் காலை வெயில் போய்விடும்.

நேரமும் பருவமும்

ஓணானால் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது, வெயில்தான் அதை எழுப்ப வேண்டும். அதனால் நம் நேரத்தை முடிவு செய்வதும் வெயில்தான். கோடையில் காலை ஆறரைக்கே மதிலுக்கு வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் எட்டு, எட்டரை ஆகும். வெளியே வந்ததும் முதல் அரை மணி நேரம் உடம்பைத் தட்டையாக விரித்து வெயில் காயும். இந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குப் பொன்னான நேரம். உடம்பு இன்னும் முழுதாகச் சூடேறாததால் அது இடத்தைவிட்டு நகர யோசிக்கும். வெளிச்சமும் சாய்ந்து மென்மையாக விழும். மே மாதத்தில் பத்தரை மணிக்கு மேல் எல்லாம் நிழலுக்குள் போய்விடும், நாமும் போய்விடுவது நல்லது. மாலை நாலரைக்குப் பிறகு இன்னொரு சுற்று கிடைக்கும்.

சிவந்த ஆண்களைப் பார்க்க ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை நல்ல காலம். கோடை மழை பெய்து மண் இளகிய நாட்களில் வயிறு பெருத்த பெண் ஓணான் தரைக்கு இறங்குவதைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். முன்னங்கால்களால் குழி தோண்டி, முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமன் செய்யும். நடுவில் பயந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். நாலைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து முழுவதையும் பாருங்கள். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, வீட்டில் யாரும் கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துச் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குஞ்சுகள் புல் நுனிகளில் தென்பட ஆரம்பிக்கும்.

முதல் வாரம் கேமரா வேண்டாம்

கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். முதல் ஒரு வாரம் ஒரு ஸ்டூலும் ஒரு சின்ன நோட்டும் மட்டும் போதும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காருங்கள், ஒரே நிறச் சட்டையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆண் ஓணானுக்கு எல்லை உண்டு. தான் ஆளும் அந்த நாலைந்து மரத்தையும் மதிலையும் விட்டு அது எளிதில் போகாது. அதற்குள்ளும் அதற்குப் பிடித்த இடங்கள் இரண்டு மூன்றுதான். காலையில் எந்தச் செங்கல்மேல் உட்காருகிறது, எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது, பூனை வந்தால் எந்த வழியாக ஓடுகிறது, எத்தனை நிமிடத்தில் திரும்பி வருகிறது, இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் ஓணானைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது வரப்போகும் இடத்துக்கு எதிரே முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடலாம். பின்னணி பச்சையாக வரும் கோணம் எது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்பதை எல்லாம் அது வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம். துரத்திப் பிடித்த படத்தில் ஓணானின் முதுகும் வாலும்தான் இருக்கும். காத்திருந்து எடுத்த படத்தில் அதன் முகம் இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த ஒரு வாரத்தில் அதுவும் உங்களைப் பார்க்கிறது. தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகும் ஆளால் ஆபத்தில்லை என்று பழகிவிட்டால், முதல் நாள் ஐந்து மீட்டரில் ஓடிய ஓணான் பிறகு இரண்டு மீட்டர்வரை விட்டுக்கொடுக்கும்.

அதன் உடல்மொழியையும் இந்த வாரத்தில் கற்றுக்கொள்ளுங்கள். முன்னங்காலை ஊன்றி உடம்பை மேலும் கீழும் தூக்கி இறக்கினால், 'இது என் இடம்' என்று மற்றவற்றுக்குச் சொல்கிறது. தொண்டையை உப்பினால் கோபம் ஏறுகிறது. உடம்பைத் தரையோடு அழுத்தி, தலையை மட்டும் உங்கள் பக்கம் சாய்த்து, மூச்சுகூட விடாததுபோல் இருந்தால் அடுத்த நொடி ஓடப்போகிறது. அந்த நிலையைப் பார்த்ததும் நீங்கள் அப்படியே நிற்க வேண்டும். முடிந்தால் அரை அடி பின்வாங்குங்கள். அது மறுபடி கண்ணை மூடித் திறந்து, தலையைத் தளர்த்தும்வரை கையைத் தூக்காதீர்கள்.

நெருங்கும் முறை

நேராக அதை நோக்கி நடக்காதீர்கள், எந்தப் பிராணிக்கும் அது தாக்குதல்தான். பக்கவாட்டில் சாய்ந்து, நின்று நின்று, வேறெதையோ பார்ப்பதுபோல் போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. காக்காயோ வைரியோ மேலே பறக்கும்போது விழுவதும் நிழல்தான், அதனால் நிழலுக்கு அது யோசிக்காமல் ஓடும். உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்து போகிறவரை அது சகித்துக்கொள்ளும், குனிந்து கையை நீட்டுகிறவரைச் சகித்துக்கொள்ளாது.

மரத்தில் இருக்கும் ஓணான் ஒரு தந்திரம் செய்யும். நீங்கள் ஒரு பக்கம் போனால் தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும், தலை மட்டும் எட்டிப் பார்க்கும். கூட ஒருவரை எதிர்ப்பக்கம் நிற்கவைத்து உங்கள் பக்கம் திருப்பலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பக்கமும் ஆள் நின்றால் அது மேலே ஏறும், அல்லது தரைக்குக் குதித்துப் பூனை வாயில் போகும். அசையாமல் நில்லுங்கள், ஐந்து நிமிடத்துக்குள் ஆர்வம் தாங்காமல் அதுவே இந்தப் பக்கம் வந்துவிடும்.

அரணைக்கு உத்தி வேறு. அதன் பின்னால் போகவே முடியாது. அது ஓடி மறைந்த இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, தரையில் சாக்கு விரித்துப் படுத்துவிடுங்கள். ஃபோனைத் தரையோடு வைத்து, அது வெளிவரும் இடைவெளியைக் குறிவைத்துக் காத்திருங்கள். முதலில் மூக்கு வரும், அப்புறம் கண், அப்புறம் முன்னங்கால். முன்னங்கால் வெளியே வந்ததும் எடுக்கத் தொடங்கலாம்.

கோடையில் செடிகளுக்குக் காலைத் தண்ணீர் ஊற்றும்போது இலைகளிலும் கொஞ்சம் தெளித்துவிடுங்கள். ஓணான் இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும். உயிருக்கும் நல்லது, நாக்கு வெளியே வந்த படமும் கிடைக்கும். ஆனால் கரப்பானைப் பிடித்து நூலில் கட்டித் தொங்கவிடுவது, புழுவைப் போட்டு வரவழைப்பது எல்லாம் வேண்டாம். அதன் பிறகு நீங்கள் பார்ப்பது அதன் இயல்பான நாளாக இருக்காது.

ஃபோனில் எடுப்பது

கண்ணில் ஃபோகஸ். எல்லாப் படத்துக்கும் இது ஒன்றே முதல் விதி. வால் மங்கலாம், முதுகு மங்கலாம், கண் மங்கினால் அந்தப் படம் தேறாது. திரையில் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். வெள்ளையடித்த சுவரில் உட்கார்ந்த ஓணான் கறுப்பாக வரும், அங்கே வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கருத்த மரத்தண்டில் வெயில் பட்டு அமர்ந்திருந்தால் குறையுங்கள்.

ஃபோனில் 2x அல்லது 3x தனி லென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். திரையைக் கிள்ளி அதற்குமேல் பெரிதாக்கினால் செதில்கள் கரைந்து ஒன்றாகிவிடும். பூவுக்கு நன்றாக இருக்கும் மேக்ரோ முறை ஓணானுக்கு ஆகாது, அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்வரை நெருங்க வேண்டியிருக்கும். தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஃபோனை ஓணானின் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து எடுத்த படம் ஆவணமாகும். கண்ணுக்கு நேர் எடுத்தால்தான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மதில் உங்கள் நெஞ்சளவு என்றால் வேலை சுலபம், முழங்கையை மதிலில் ஊன்றிக்கொள்ளலாம். அரணைக்கு ஃபோனைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும்.

ஷட்டர் ஓசை, ஃப்ளாஷ், கிளிக்கும்போது வரும் அதிர்வு மூன்றையும் அணைத்துவிடுங்கள். தொடர் படம் எடுக்கும் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். தலையாட்டும்போது இருபது படத்தில் ஒன்றில்தான் தலை உச்சியில் நிற்கும். எடுத்த அன்றைக்கே உட்கார்ந்து, கண் தெளிவில்லாததை எல்லாம் அழித்துவிடுங்கள்.

கேமரா இருந்தால்

புதிதாக லென்ஸ் வாங்குவதற்கு முன் ஆறு மாதமாவது ஃபோனில் பழகுங்கள். வாங்குவதாக இருந்தால் ஓணானுக்கு 70-300 மில்லிமீட்டர் போன்ற ஜூம் லென்ஸ் போதும், இரண்டு மீட்டர் தள்ளி உட்காரலாம். பல்லியின் கண், விரல் அடிப்பாகம் போன்ற நுணுக்கங்களுக்கு 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ நல்லது. வெயில் காயும் ஓணானுக்கு ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடி, தலையாட்டும்போது 1/500, ஓடும் அரணைக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்தால் மூக்கிலிருந்து கண்வரை தெளிவாக இருக்கும். காலை நிழலில் கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறினாலும் பயப்படாதீர்கள். கொஞ்சம் பொரிப்பொரியாக வருவது பரவாயில்லை, ஆட்டம் கண்ட படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. நம் ஊர்க் கடல்காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் போய்வந்த அன்று லென்ஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இரவில்

பகலில் காணாத பல்லிகள் இருட்டியபின் வேலைக்கு வரும். தெருவிளக்கு, வாசல் விளக்கு, மொட்டைமாடிக் குழாய் ஆகியவை அவற்றின் வேட்டைக்களம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடித்து, அந்த எதிரொளியில் எடுங்கள். டார்ச் வாயில் பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மென்மையாகிவிடும். பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை. வெளிச்சம் பட்டதும் அதன் கண்மணி மெல்லிய கோடாகச் சுருங்குவதை நீங்களே பார்க்கலாம். ஒரு பல்லிக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும், பிறகு அதை விட்டுவிடுங்கள்.

செம்பருத்திச் செடியின் நுனிக்கிளைகளில் டார்ச்சை மெதுவாக ஓட்டினால் தூங்கும் ஓணான் வெளிறிய நிறத்தில் கட்டிப்பிடித்துக் கிடப்பது தெரியும். அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். இரவில் விழுந்தால் அதனால் சரியாக ஓட முடியாது. எங்கே தூங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டால் விடிந்ததும் எங்கே வெயில் காய வரும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாதவரம், மணலி, கொடுங்கையூர் பக்கத்துக் காலி மனைகளில் இரவில் ஷூ இல்லாமல் நடக்கவே நடக்காதீர்கள். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் நம் கால் அதன்மேல் இருக்கும். செங்கல் அடுக்கிலும் பொந்திலும் கைவிடக்கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம்

வடசென்னைத் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஃபோனைத் தூக்கிப் பிடித்து மதிலை நோக்கி நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். முதல் நாளே போய், "அக்கா, உங்க மதில்ல ஒரு ஓணான் இருக்கு, அதைத்தான் தினமும் பார்க்க வர்றேன்" என்று சொல்லி, எடுத்த படத்தையும் காட்டிவிடுங்கள். "இன்னாபா, இதையா எடுக்குற?" என்று சிரிப்பார்கள். ரெண்டு நாள் கழித்து, "தம்பி, பின்னாடி கிணத்தாண்ட பெருசா ஒண்ணு கீது, வா" என்று அவர்களே கூப்பிடுவார்கள். ஜன்னலும் குளியலறையும் படத்தில் வராமல் கோணத்தை மாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பிள்ளைகள் வருவார்கள். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பது, கல்லெறிவது எல்லாம் பழைய விளையாட்டு. திட்டினால் நிற்காது. ஃபோனைக் கையில் கொடுத்து, "சத்தம் போடாம அதோட கண்ணை எடு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். எடுத்த படத்தை அம்மாவிடம் காட்ட ஓடுகிற பிள்ளை மறுநாள் கல்லை எடுப்பதில்லை.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

பிடிக்காதீர்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும், இங்கே பாதிப்பு ஓணானுக்கு. பல்லியும் அரணையும் பயத்தில் வாலை உதிர்க்கும். வால் மறுபடி முளைக்கும், ஆனால் அதில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் போய்விடும். முளைப்பதும் பழைய அழகில் இருக்காது. ஓணானுக்கு அப்படி வால் மறுபடி வளராது. ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கிப் படமெடுப்பது, கிளையோடு ஒடித்து வெயிலில் வைப்பது போன்றவை சித்திரவதை. அப்படி எடுத்த படங்களைப் பாராட்டாதீர்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் உடும்பைப் பார்த்தால் தள்ளி நின்று பாருங்கள். வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. பிடிப்பதும் வைத்திருப்பதும் கடுமையான குற்றம்.

எலிக்கு வைக்கும் பசை அட்டையில் பல்லியும் அரணையும் மாட்டிக்கொள்ளும். பிய்த்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு விரல் விரலாகத் தடவினால் பசை விடும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இனி வைக்கும் அட்டையைத் தோட்டப் பக்கம் வைக்காமலிருப்பதுதான் சரியான தீர்வு.

படத்தோடு குறிப்பும்

ஒவ்வோர் உயிருக்கும் குறைந்தது மூன்று கோணத்தில் படம் வைத்துக்கொள்ளுங்கள்: தலையின் பக்கவாட்டு, முதுகு, முழு உடம்பு வாலோடு. தலையின் பக்கவாட்டுப் படம் முக்கியம். தோட்டத்து ஓணானுக்குக் காதுக்கு மேலே தனித்தனியாக இரண்டு சின்ன முள் இருக்கும், பக்கவாட்டுச் செதில்கள் மேல்நோக்கிப் பின்னால் சாய்ந்திருக்கும். தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1802-ல் கேலோட்டஸ் வெர்சிகலர் என்று விவரித்த இந்த ஓணானுக்கு, 2016-ல் அடையாள மாதிரியாக, அதாவது மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக, தேர்ந்தெடுக்கப்பட்டது புதுச்சேரியில் கிடைத்த ஒன்று. அதற்குப் பிறகு, ஒரே வகை என்று நினைத்த ஓணான்களுக்குள் வேறு வேறு வகைகள் இருப்பது தெரியவந்திருக்கிறது. எனவே செதில் தெரியும் ஒரு சாதாரணப் படம், சிவப்பு மட்டும் அழகாகத் தெரியும் பத்துப் படங்களைவிட ஆய்வாளருக்குப் பயன்படும்.

நோட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்த மரம், என்ன செய்துகொண்டிருந்தது, இவ்வளவும் போதும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் வகையை உறுதிசெய்து உதவுவார்கள். அங்கே ஏற்றும்போது உங்கள் வீட்டுத் தோட்டமாக இருந்தால் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். உடும்பு, பச்சோந்தி கிடைத்தால் எங்கே எடுத்தது என்று எந்தக் குழுவிலும் எழுதாதீர்கள், பின்னணியில் கடைப் பலகையோ தெருப் பெயரோ தெரிந்தால் வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.